மூணு தரம் சொன்ன நாக்கு

பாவா,

இன்று காலை கே.ஜி.கண்டிகைக்குப் போகும் வழியில் கடையில் தேன் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். உங்கள் முகம்தான் வந்தது. இடது உதட்டோரம் தடவிய தேனை எட்ட முடியாமல் நாக்கோடு மல்லுக்கட்டிய முகம்.

திருத்தணி காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர் நீங்கள். "ஒரு தரம்" என்றால் தெருக்கோடி வரை கேட்கும். பக்கவாதம் வந்து வலது கையோடு அந்தக் குரலையும் சாய்த்தது. கை மெல்லத் திரும்பியது. பேச்சு குழறலாகவே நின்றது. சந்தையில் ஒருவர் உங்களைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்ததைக் கேட்ட பிறகு, உங்கள் மனைவியான என் அக்காவிடம்கூட வாய் திறக்கவில்லை நீங்கள்.

ரயிலேற்றிச் சென்னைக்கு அழைத்துப் போனேன். பேச்சுப் பயிற்சி தரும் பெண் நாக்கை நீட்டச் சொன்னாள். அது வலப்பக்கம் சாய்ந்தது.

"நாக்கு ஒரே தசை இல்லீங்க," என்று படம் வரைந்தாள். "கீழ்த்தாடைக்கு உள்பக்கத்துலேர்ந்து விசிறி மாதிரி விரியிற தசை, பக்கத்துக்கு ஒண்ணு. ரெண்டும் சமமா தள்ளினா நாக்கு நேரா வரும். உங்களுக்கு வலதுபக்கம் பலம் கொறைஞ்சிருக்கு. இடதுபக்கம் ஜெயிச்சு நாக்கை வலதுபக்கமா தள்ளிடுது."

பின்னால் இழுக்க ஒரு தசை, கீழே அமுக்க ஒன்று, அடிநாக்கை அண்ணத்துக்குத் தூக்க ஒன்று என்று காட்டினாள். நாக்குக்குள்ளேயே ஓடும் தசைகள் வேறு. அவைதாம் நுனியை மடக்கியும் தட்டையாக்கியும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாற்றுகின்றனவாம்.

திரும்பும்போது ரயிலில், வெகுநாளைக்குப் பிறகு, குழறிக் குழறி ஒரு முழுப் பேச்சு பேசினீர்கள். "அப்போ ஒரு பக்கம் சோம்பேறியா பூட்ச்சு, அவ்ளோதானே? வேலை வாங்கிடலாம்டா."

வாங்கினீர்கள். கண்ணாடி முன் இடது உதட்டோரம் தேனைத் தடவி நாக்கால் எட்டப் பார்த்தீர்கள்; நாக்கால் கரண்டியைத் தள்ளினீர்கள். "த, த" என்று விடாமல் சொன்னீர்கள். அக்கா அடுப்படியிலிருந்து, "ஆங், கேக்குது. இன்னும் பலமா!" என்பாள். 'ர'தான் கடைசி வரை சண்டித்தனம் செய்தது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள் சந்தை நிரம்பி வழிந்தது. ஏலம் விட்டுக்கொண்டிருந்தவரின் தோளைத் தொட்டீர்கள். அவர் விலகி இடம் விட்டார். கத்தரிக்காய்க் குவியல் முன் நின்றீர்கள்.

"ஒரு தரம்!"

கூட்டம் அடங்கியது.

"ரெண்டு தரம்! மூணு தரம்!"

கொஞ்சம் கரகரப்பு. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. விசில் பறந்தது. அந்தக் குவியலை எடுத்தவர், உங்களைப் போலப் பேசிக் காட்டிய அதே ஆள். "மன்னிச்சுக்கண்ணா," என்று கையைப் பிடித்தார். "அத்த வுடு. வண்டி காத்துக்கினு இருக்குது, காய ஏத்து," என்றீர்கள். நான் அழுதுகொண்டே கைதட்டினேன்.

அதன்பின் பல வருடம் அந்தச் சந்தை உங்கள் குரலில்தான் விடிந்தது. போன தையில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

வாய் குழறுகிறது என்று யாரைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் இப்போது உங்கள் கதையோடு நான் போய்விடுகிறேன். கண்டிகையில் இன்று பார்த்தவர் ஒரு லாரி டிரைவர். பேசவே மறுத்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டுத் திரும்பி, தட்டுத்தடுமாறி, "அவரு... இப்போ?" என்றார்.

"போன தைல போயிட்டாருங்க. படுக்கப் போற வரைக்கும் எங்க அக்காவாண்ட சண்ட போட்டுக்கினுதான் இருந்தாரு."

அவர் சிரித்தார். சிரித்தபடியே நாக்கை நீட்டினார்.