அந்தப் பெண்ணின் அறிக்கை வந்து சேருமுன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், நீயும் நலமாக இருப்பதோடு இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உன் அம்மா நலமா என்று எழுத வரும்போதுதான் பேனா கொஞ்சம் நிற்கிறது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை, இந்த நிமிடம்கூட வீட்டில் எதையாவது திட்டிக்கொண்டுதான் இருப்பாள். அந்தக் குளிர் நாட்டில் நீ பாடம் நடத்தும் பள்ளியிலிருந்து அனுப்பிவைத்த மாணவி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தன் அறிக்கையை உனக்கு அனுப்பப் போகிறாள், அதில் அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, அதை நீ முதலில் என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று வியாழன், விரைவுத் தபால் ஆறு நாளில் போய்விடும் என்கிறார் தபால் அலுவலகத்துக்காரர், அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், போனில் மூச்சு விடக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள், கடிதம் அவள் யோசனையில் இல்லை. பணிமனையில் சாப்பாட்டு நேரத்தில், எஞ்சின் இறக்கிய ஒரு பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன், தாளில் கிரீஸ் இருந்தால் பொறுத்துக்கொள். வரிசையாகச் சொல்கிறேன், தாவிப் படிக்காதே.

அந்தப் பெண்ணைத் தங்கவைப்பதாக இருந்த குடும்பம் கடைசி நேரத்தில் கையை விரித்ததும், நம் வீட்டிலேயே ஒரு மாதம் இருக்கட்டும் என்று நீ சொன்னாய். தண்ணீரை, குப்பையை, பழைய சாமான்களை நாம் எப்படிக் கையாளுகிறோம், என்ன பேசுகிறோம், எப்படி வாழ்கிறோம் எல்லாவற்றையும் அவள் எழுதுவாள், நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளை ஒன்று அங்கே வந்து அதையே செய்யும், இரண்டு பள்ளியும் ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொள்ளும் என்று விளக்கினாய். இருக்கறபடியே இருங்கப்பா, எதையும் மாத்தாதீங்க என்று மூன்று தடவை சொன்னாய். நானும் தலையாட்டினேன். போனை வைத்ததும் உன் அம்மா வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். துணி அலசிய தண்ணீர் பிடித்துவைக்கும் வாளிகள், கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்த ரொட்டிப் பைகள், நாலு பழைய துணியை ஒட்டுப்போட்ட போர்வை, பேருந்து இருக்கைக் கம்பியால் நான் கால் வைத்த நாற்காலி. இதையெல்லாம் பாத்தா அந்தப் பொண்ணு நம்மள என்ன நெனைக்கும், டீச்சர் வீடு இதுதானான்னு நம்ம பொண்ணுக்கில்ல தலைக்குனிவு என்றாள். நான் என்ன யோக்கியமா, உடனே சரி என்றேன். எல்லாவற்றையும் மாடி அறையில் போட்டுப் பூட்டினோம். தண்ணீர் பாட்டில் கட்டுக்கட்டாக வந்தது, காகிதத் தட்டு வந்தது, கை துடைக்கக் காகிதம்கூட வந்தது. நம் வீட்டில் கை துடைக்கக் காகிதம்! கடைசியாக அம்மாவின் ஊன்றுகோலும் அந்த அறைக்குப் போனது.

ஆமாம், ஊன்றுகோல். எட்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள், இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அம்மா அத்தையோட ஊர் சுத்தப் போயிருக்கா என்று இரண்டு மாதம் உன்னிடம் சொன்னேனே, அப்போது அவள் கட்டிலில் கிடந்தாள், அத்தைதான் வந்திருந்து பார்த்துக்கொண்டாள். நீ அப்போதுதான் இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பேற்றிருந்தாய், தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாள் என்று அம்மா என் வாயை அடைத்தாள். வீடியோவில் பேசும்போது அவள் எப்போதும் உட்கார்ந்தே இருப்பதை நீ கவனித்தாயோ என்னவோ. நீ கூப்பிடும் நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். பொய் சொன்னது தப்பு, எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு அம்மா வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். நீ சொல்லிக்கொடுத்த தமிழில் தட்டுத்தடுமாறி என்னை டீச்சரப்பா என்பாள். தினமும் மாலையில் கொக்கித் தராசில் நம் குப்பைக் கூடையை மாட்டி எடை பார்ப்பாள், காலி பாட்டில்களை எண்ணுவாள், எழுதுவாள், முகத்தில் ஒன்றும் தெரியாது. பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் முன்னால் நிற்பதுபோல அம்மா நிற்பாள், அதுவும் கோல் இல்லாமல், சுவரைப் பிடித்தபடி, கால் மரத்துப் போச்சும்மா என்று சிரித்துக்கொண்டு. எந்த நேரத்தில் விழப்போகிறாளோ என்று நானும் பின்னாலேயே நிற்பேன். வேலையில் கை ஓடாது, ஒரு நாள் போல்ட்டை முடுக்காமலே விட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டாவது வாரக் கடைசியில் அந்தப் பெண் பாதி அறிக்கையைக் கணினியில் உங்கள் வகுப்புக்கு வாசித்தாளாம். இந்த வீட்டில் ஒரு வாரத்தில் எறிவது எங்கள் வீட்டில் ஒரு மாதம் எறிவதைவிட அதிகம், காரணம் புரியவில்லை, ஆனால் நல்ல மனிதர்கள் என்று. நம் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய், இந்தக் கூட்டு அடுத்த ஆண்டும் தொடருமா என்பதைக் கடைசி அறிக்கையைப் பார்த்துத்தான் நிர்வாகத்தில் முடிவு செய்வார்கள் என்றாய், பரவாயில்லப்பா என்றாய். உன் பரவாயில்லை எனக்குத் தெரியாதா, மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தபோதும் அதைத்தான் சொன்னாய். அன்றே உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். இப்பப் போய்ச் சொன்னா இத்தனை நாளும் நடிச்சோம்னு ஆயிடாதா என்று இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை.

அப்புறம் போன வாரம் செவ்வாய்க்கிழமை தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் நின்றுபோனது. மூன்று நாள் ஆகும், லாரி வரும்போது பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பிடிக்க வாளி எங்கே, எல்லாம் மாடி அறையில். நான் பணிமனையில் இருந்தேன். வேறு வழியில்லாமல் அம்மா சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, கைப்பிடியைப் பிடித்துப் பின்னாலேயே ஏறியிருக்கிறாள். கதவு திறந்ததும் இதெல்லாம் யாரோடது என்று அவள் கேட்க, உன் அம்மா துளியும் யோசிக்காமல், முன்னாடி குடியிருந்தவங்களோடது, அந்தக் கோல் மட்டும் எங்க வீட்டுக்காரரோடது என்றாளாம். பெண் ஒட்டுப்போர்வையை எடுத்து விரித்தாள். நடுவில் நீலக் கட்டம் போட்ட துணி, உன் பள்ளிச் சீருடை. கூடத்தில் அதே கட்டத்தில் நீ இரட்டைப் பின்னலோடு நிற்கும் படத்தை அவள் தினமும் பார்க்கிறவள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டு அம்மா திருதிருவென விழித்தாளாம். பெண் போர்வையை மடித்து வைத்தாள். கோலை எடுத்து அம்மா பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள், உயரம் சரியாக இருந்தது, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நான் வீடு திரும்பியபோது இருவரும் கூடத்தில் உட்கார்ந்து ரொட்டிப் பைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள், அம்மாவின் கண் சிவந்திருந்தது.

அன்றிலிருந்து அந்தப் பெண் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறாள். முதல் பாதியைக் கிழிக்க மாட்டாளாம், இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்புவாளாம். அதனால் உன் திட்டம் தப்புமா என்று எனக்குத் தெரியவில்லை, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. நேற்று எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். கோல் இருக்கும் பக்கம் வந்ததும், இத மட்டும் எடுத்துடேன் கண்ணு என்று கெஞ்சினேன். பாத்தத பாத்தபடி எழுதணும்னு டீச்சர் சொன்னாங்க, நீங்களே அடிங்க டீச்சரப்பா என்று பென்சிலை நீட்டினாள். என்னால் முடியவில்லை. பிறகு இன்னொன்று கேட்டாள். இந்த வாளி, போர்வை எல்லாத்தையும் டீச்சர் சின்ன வயசுக் கதையாத்தான் சொன்னாங்க, அவங்க வரும்போதும் பூட்டி வெப்பீங்களா என்று. அம்மா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். வைக்கிறோம் மகளே. நீ ஒவ்வொரு விடுமுறைக்கு வரும்போதும் வைத்திருக்கிறோம். பெற்ற பிள்ளையை, நீ அங்கே போனதிலிருந்து ஆறு வருடமாக விருந்தாளியாக்கி வைத்திருந்திருக்கிறோம், நேற்றுத்தான் அது எனக்கு உறைத்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நிர்வாகத்தார் என்ன சொன்னாலும் உடைந்து போகாதே. எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு, நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இது கைக்கு வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நலம் விசாரித்து நேரத்தைக் கழிக்காதே, எந்திரிச்சு நடந்து காட்டும்மா என்று அம்மாவிடம் கேள். முதலில் என்னைத்தான் முறைப்பாள், அப்புறம் எழுந்து விடுவாள். சமையலறை வாசல் வரை போய்த் திரும்ப அவளுக்கு நேரமாகும், அதுவரை போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னிடம் எட்டு மாதம் பொய் சொன்ன,
உன் அப்பா