ஆறு சாலையான பிறகு

சீக்தாக் கிளையாறு, 4 அக்டோபர் 1979

அன்புள்ள ஐத்தாவுக்கு,

நலம். உன் நலமும் மாடுகளின் நலமும் அறிய ஆவல். இந்த ஆண்டு லேனா ஆறு முந்திக்கொண்டு உறைந்துவிட்டது. எங்கள் சரக்குப் படகைக் கிளையாற்றில் ஒதுக்கிவிட்டு எல்லோரையும் ஹெலிகாப்டரில் ஊருக்கு அனுப்புகிறார்கள். வசந்தம்வரை காவலுக்கு ஒருவர் இருக்க வேண்டுமாம். கேப்டன் என்னை இருக்கச் சொல்லிவிட்டார். நான் என்ன செய்ய?

ஆகஸ்டில் நம் கரையைக் கடந்தபோது வழக்கம்போல் மூன்று முறை ஹாரன் அடித்தோம். உன்னைக் காணோம். கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்திருப்பாய்.

உன்,
எகோர்

கரைவீடு, 27 அக்டோபர்

அன்புள்ளவருக்கு,

கொட்டிலில் இல்லை, வீட்டில்தான் இருந்தேன். மூன்று முறையும் கேட்டது. நீங்கள் வரும்போதெல்லாம் நம் பையன் கெஸ்கில்தானே முன்னால் ஓடுவான். தனியாக வந்து கையாட்டக் கால் எழவில்லை.

மே மாதம் ஆற்றுப்பனி உடைந்த வாரம் பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோனது. புதைத்த மூன்றாம் நாள் நீங்கள் படகேறினீர்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கறக்கிறேன், அடுப்பு மூட்டுகிறேன், தூங்குகிறேன். அவனுடைய மான்தோல் பூட்ஸ் கதவோரம் அப்படியே இருக்கிறது. எடுத்து வைக்கவா, யாருக்காவது கொடுக்கவா? எழுதுங்கள்.

ஐத்தா

சீக்தாக், 19 நவம்பர்

அன்புள்ள ஐத்தா,

இங்கே வேலை சரியாக இருக்கிறது. பனிக்குள் மாட்டியிருக்கும் படகின் அடிப்பாகத்தைச் செப்பனிட, சுற்றிலும் பனியை வெட்டி இறங்க வேண்டும். அவசரப்பட்டால் தண்ணீர் பொத்துக்கொண்டு வந்துவிடும். ஒரு சாண் வெட்டி, அடியில் உறைய விட்டு, பிறகுதான் அடுத்த சாண்.

உன் அண்ணனிடம் சொல்லி விறகு பிளந்துகொள். மற்றதை வசந்தத்தில் பேசிக்கொள்ளலாம்.

எகோர்

கரைவீடு, 12 டிசம்பர்

அன்புள்ளவருக்கு,

உங்கள் படகில் சமைத்த மார்ஃபா அக்கா வந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "கேப்டன் உம் புருஷனை ஊருக்குப் போகச் சொல்லித்தான் கெஞ்சுனாரு, ஐத்தா. 'பொண்டாட்டி தனியா கெடக்காய்யா, போய்யா'ன்னாரு. இவருதான் 'அந்த வீட்டுக்குள்ள என்னால கால் வைக்க முடியாது, நானே இருக்கேன்'னு ஒத்தக்கால்ல நின்னாரு."

பொய் சொன்னீர்கள். கோபம் வர வேண்டும், அதுவும் வரவில்லை. அந்த வீட்டுக்குள்தான் நான் ஏழு மாதமாக இருக்கிறேன்.

உங்கள் படகை நிறுத்திய அதே பனியில் இப்போது லாரி ஓடுகிறது. மாவு ஏற்றிப் போகும் சிமியோன், "அண்ணி, எனக்குப் பக்கத்துல எடம் இருக்கு, வாங்க" என்றான். வரும் திங்கட்கிழமை கிளம்புகிறேன். மாடுகளை அண்ணன் பார்த்துக்கொள்வார். வேண்டாம் என்று நீங்கள் பதில் எழுதினாலும் அது இங்கே வருவதற்குள் நான் அங்கே இருப்பேன்.

பூட்ஸைக் கொண்டுவருகிறேன். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, நீங்களும் சொல்லவில்லை. உங்கள் அறையிலும் கதவோரமே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பேச வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு சாண் போதும்.

இரண்டு பேருக்கு அடுப்பு மூட்டி வையுங்கள்.

ஐத்தா