திருப்பிக் கட்டாத கம்பிகள்

மச்சான்,

கிட்டார் உறையின் ஜிப்பைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையோடு நீ தோள்வலிக்குத் தேய்க்கும் தைல வாசனையும் வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து உன் மனைவி முடிச்சூரிலிருந்து ஆட்டோவில் கிட்டாரைக் கொண்டுவந்தாள். "பீரோவை நகர்த்தும்போது விழுந்துடுச்சுண்ணா. ஆனா உங்களுதுதானே, உங்ககிட்டயே சேர்த்துடறேன்" என்றாள். ஒன்பது வருடம் கழித்து என் பொருள் கழுத்து முறிந்து என்னிடம் திரும்பியது.

தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன்னைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்ததற்கு அந்த முறிவு பொருத்தமாகவே இருந்தது.

நம் மெல்லிசைக் குழுவுக்கு இருந்தது ஒரே கிட்டார், நான் வாங்கியது. நீ இடதுகைக்காரன். கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டினால்தான் உனக்கு வசதி. நான் விடவில்லை. "என் கிட்டார், என் வரிசை" என்றேன். நீ அதை அப்படியே கவிழ்த்துப் பிடித்து, தடித்த கம்பி கீழே இருக்க, எல்லாவற்றையும் தலைகீழாகவே பழகிக்கொண்டாய். "தாம்பரத்துலயே தலைகீழா வாசிக்கிறவன் நான் ஒருத்தன்தான் மச்சான், என் ரேட்டே வேற" என்பாய்.

பிறகு கேளம்பாக்கத்தில் அந்தக் கல்யாண வரவேற்பு. ஆறு மாதம் உட்கார்ந்து நான் போட்ட மெட்டை, மைக் பிடித்தவர் உன்னுடையது என்று அறிவித்தார். நீ திருத்தவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினாய். மண்டப வாசலில் கிட்டாரை உன் கையில் திணித்தேன். "மெட்டையே எடுத்துக்கிட்ட, இதையும் வெச்சுக்கோ. கம்பியைத் திருப்பிக் கட்டிக்கோ." அதுதான் உன்னிடம் நான் கடைசியாகப் பேசியது.

எதற்கும் கேட்டுப் பார்க்கலாம் என்று போன வாரம் கிழக்குத் தாம்பரத்தில் கிட்டார் பழுதுபார்க்கும் பாயிடம் கொண்டுபோனேன். அவர் முறிவைப் பார்க்கவே இல்லை. முன்பலகையைத் தடவினார்.

"இன்னா சார், ரெண்டு பேர் வாசிச்சீங்களா? ஒருத்தர் லெஃப்டா?"

துளையின் ஒரு பக்கம் என் பழைய கீறல்கள். மறுபக்கம் வார்னிஷ் போய் மரமே வெளுத்திருந்தது.

"இந்தப் பக்கம் இன்னா தேய் தேய்ச்சுக்கீறாரு பாருங்க. கம்பி புதுசா கீது, இந்த வருஷம்தான் மாத்திக்கீறாரு. அப்பவும் ரைட் ஹேண்டுக்கே கட்டிக்கீறாரே, ஏன் சார்?"

எனக்குத் தெரியும்.

"கழுத்தை ஒட்டிடலாம். வார்னிஷ் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்.

"கழுத்தை மட்டும் ஒட்டுங்க பாய். அந்தப் பக்கத்தைத் தொடாதீங்க."

"கம்பி?"

உன் கைக்குத் திருப்பிக் கட்டச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒன்பது வருடம் அது உன் வீட்டில் இருந்தது, தடுக்க யாருமில்லை, நீயே கட்டிக்கொள்ளவில்லை. நான் யார் மாற்ற?

"இருந்த மாதிரியே" என்றேன்.

மெட்டு என்னுடையதுதான். அந்தக் கைகூப்பலை இன்றும் மன்னிக்கவில்லை, மன்னிப்பதாகவும் இல்லை. ஆனால் நேற்று கிட்டார் வந்ததிலிருந்து அதே மெட்டை உன்னைப் போலக் கவிழ்த்துப் பிடித்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் வரி வந்துவிட்டது. இரண்டாவது வரியில் என் விரல் தடுமாறுகிறது, மச்சான். அந்த இடத்தில் நீ தடுமாறியதே இல்லை.