காற்று என்று எழுதினோம்

மார்ச் 12, வியாழன்

காரையாறு அணையில் மொண்ட தண்ணீரைக் காட்டுத்தீயில் கொட்டும்போது, ஹெலிகாப்டரின் கதவோரம் இருந்து விமானிக்கு உயரம் சொல்வது என் வேலை. இன்று புகையில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னும் இறங்குங்க சார்" என்றேன். இறங்கினோம். எங்கள் ஹெலிகாப்டர் விசிறியின் காற்றில் தீ எழும்பி, வனக்காவலர்கள் வெட்டி வைத்திருந்த தடுப்புக்கோட்டைத் தாண்டிச் சோலைக்குள் போய்விட்டது.

சாயங்காலம் காவலர் இசக்கி முகமெல்லாம் கரியாக வந்தார். "காத்தே இல்லியே அண்ணாச்சி, தீ எப்பிடி அங்கன தாவிச்சு?"

தெரியாமல்தான் கேட்டாரா?

"மலைல்லா வே, திடீர்னு அடிக்கும்" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அறிக்கையில் விமானி 'பலத்த காற்று' என்று எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லையே, காற்றுதானே.

படுத்தவன் எழுந்து மின்விசிறியை நிறுத்திவிட்டேன். வேர்க்கிறது. போடத் தோன்றவில்லை.