உடைஞ்ச மாத்திரையும் சும்மா இருக்காதாம்

“காலையில முழுங்குன மாத்திரை மத்தியானத்துக்குள்ள ஈரல்ல உடைஞ்சு போயிடும்டா. சாயந்திரம் பாப்பாவைத் தூக்கினா குடியா முழுகிடும்?”னு நேத்து கத்துனியே அக்கா, எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. இப்பதான் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். உடைஞ்ச துண்டுலயும் சிலது வேலை செய்யுமாம். நான் கொடுத்த கிட்னியை உன் உடம்பு விரட்டிடாம இருக்க, எதிர்ப்பு சக்தியை நாள் முழுக்க அமுக்கியே வச்சிருக்குமாம். பாப்பாவோட சளி ஒட்டிக்கிட்டா உன் உடம்பு தாங்காது.

நான் டூட்டிக்கு பஸ் எடுக்கக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சுட வச்சு சாப்பிடு. நம்ம தங்கச்சி சாயந்திரம் அவ பாப்பாவோட வருவா. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமே நிக்கச் சொல்லியிருக்கேன். கதவைத் திறந்துடாதே. சளி விட்டதும் நானே தூக்கிட்டு வந்து உன் மடியில உட்கார வைக்கிறேன்.

ஒண்ணு விட்டுப்போச்சு. “கிட்னி கொடுத்துட்டேன்னு அதிகாரம் பண்றியா?”ன்னு கேட்ட பாரு, ராத்திரி பூரா அதுதான் குத்துச்சு. கொடுத்ததோட அது உன்னோடது அக்கா. எனக்கு நீ இருக்கணும், அவ்வளவுதான். கோபம் போச்சா இல்லையான்னு இந்தச் சீட்டுக்குப் பின்னாலயே ஒரு வரி எழுதி வை.