மழை பெய்துவிட்டது, மச்சான்

வெம்பக்கோட்டை அஞ்சல்
18-11-1958

அன்புள்ள மச்சானுக்கு சண்முகத்தாய் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தைப் போன கடிதத்திலும் நீங்கள் எழுதவில்லை.

மழை பெய்துவிட்டது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது. மழையில்லை, வேலையில்லை, மூன்று மாதத்தில் வருகிறேன் என்றுதானே பம்பாய்க்கு ரயிலேறினீர்கள்? இது இரண்டாவது மழை. உங்களோடு போனவர்களில் நாலு பேர் திரும்பி வந்து நாற்று நடுகிறார்கள். முதலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்றீர்கள், அப்புறம் காய்ச்சல், அப்புறம் லீவு இல்லை. இந்தத் தடவை என்ன சொல்வதாக உத்தேசம்?

சண்முகத்தாய்

தாராவி, பம்பாய்
5-12-1958

அன்புள்ள சண்முகத்தாய்க்கு சீனிச்சாமி எழுதியது. சுகம். தோல் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. சரக்கு கப்பல் ஏறும்வரை யாரும் நகர முடியாது. பங்குனிவரை பொறு. உனக்குச் சேலையும் பிள்ளைக்குப் பாவாடைத் துணியும் ஒச்சப்பனிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் பொங்கலுக்கு ஊர் வருகிறான். கோழி முட்டையிடுகிறதா?

சீனிச்சாமி

வெம்பக்கோட்டை அஞ்சல்
20-1-1959

மச்சானுக்கு,

கோழியை விற்று நாலு மாதமாகிறது. எழுதியிருந்தேன். என் கடிதத்தைப் படிக்கிறீர்களா, கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறீர்களா?

ஒச்சப்பன் சேலையைக் கொடுத்தார். அவரும் உங்கள் கம்பெனிதானே, அந்த ஆர்டர் அவரை மட்டும் எப்படி விட்டது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அவன் வரமாட்டான் மதினி. ஏன்னு அவன்கிட்டயே கேளுங்க" என்றார்.

வேறு குடும்பம் வைத்திருந்தால் எழுதிவிடுங்கள். நான் ஒன்றும் கிணற்றில் விழ மாட்டேன். சிவகாசித் தீப்பெட்டிக் கம்பெனி லாரி இப்போது வேலைக்கு ஆள் ஏற்ற நம் ஊருக்கு வருகிறது. நாளையிலிருந்து நானும் அதில் ஏறப் போகிறேன்.

சண்முகத்தாய்

தாராவி, பம்பாய்
8-2-1959

சண்முகத்தாய்க்கு,

வேறு யாரும் இல்லை. சத்தியமாக இல்லை.

மழையில்லை என்பதற்காக நான் ஊரை விட்டு வரவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, வாத்தியார் அவள் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். பொய். நான் சுப்புலட்சுமி என்றுதான் சொன்னேன். பெரிய வீட்டு ஐயா அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் பேத்திக்கும் அதே பெயர்.

"ஏலே, எங்க வீட்டுப் பிள்ள பேரச் சொல்லி நாளைக்கு நீ உன் மகள வைவே, அடிப்பே. நாங்க கேட்டுக்கிட்டு இருக்கணுமா?" என்றார். அவரே இருளம்மாள் என்று எழுதச் சொன்னார். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சரியென்று தலையாட்டினேன். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது நான் இல்லையே" என்றாள்.

எத்தனை மழை பெய்தாலும் அந்த ஆள் அங்கேதானே இருப்பார்? உங்களை இங்கே கூப்பிடவும் வழியில்லை. ஓர் அறையில் பதினோரு பேர் கிடக்கிறோம். தோல் நாற்றம் சோற்றிலும் அடிக்கிறது. ஆனாலும் இங்கே யாரும் என்னை அப்படித் தலையாட்ட வைத்ததில்லை.

சீனிச்சாமி

சிவகாசி
21-6-1959

அன்புள்ள மச்சானுக்கு,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. அம்புட்டுக் கோபம். இதைச் சொல்ல உங்களுக்கு இரண்டு வருஷமா? நீங்கள் ரயிலேறிவிட்டீர்கள். அதே பெரிய வீட்டுக் களத்தில் நான் ஒன்றும் தெரியாமல் நெல் தூற்றிக்கொண்டிருந்தேன்.

வீட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டேன். கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு அறை. தீக்குச்சி மருந்து நெடி மூக்கை விட்டுப் போவதில்லை. மேஸ்திரி ஏசாத நாளில்லை. ஆனால் என் பிள்ளைக்குப் பெயர் வைக்க அவன் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் இசபெல் டீச்சர் பழைய சான்றிதழ் எங்கே என்றார்கள். அதில் அந்தப் பெயரல்லவா இருக்கிறது? இவள் பள்ளிக்கூடமே போனதில்லை என்று சொல்லிவிட்டேன். அதனால் மறுபடியும் ஒன்றாம் வகுப்பு. தன் தோளுக்கும் எட்டாத பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதுகிறாள். தெரிந்ததையே எழுதச் சொல்கிறார்கள் என்று தினமும் என்னோடு சண்டை. ஆஜர் எடுக்கும்போது மட்டும், சுப்புலட்சுமி என்றதும் இவள் போடும் சத்தம் தெருவுக்குக் கேட்கிறதாம்.

ஊருக்கு வாருங்கள் என்று இனி எழுத மாட்டேன். சிவகாசி ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். லீவு கேட்டு வருவதானால் வேண்டாம். வேலையை விட்டுவிட்டு வாருங்கள்.

சண்முகத்தாய்