கஞ்சிக் கூரையில் முளைத்த நாற்று

பக்கத்து வீட்டில் மாடிக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். ஈரச் சாக்கும் புதுச் சிமெண்டும் கலந்த அந்த வாசனை விடியற்காலையிலேயே என்னை எழுப்பிவிட்டது. நம் மொட்டைமாடியில் ஏறி எட்டிப் பார்த்தேன். புதுக் கூரையின் மேல் களிமண்ணால் வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. துணி காயப்போட வந்த மருமகள், "என்ன மாமா, தனியா நின்னு சிரிக்கிறீங்க?" என்றாள்.

"ஒம் மாமியாவ நெனச்சேன்" என்றேன்.

கீழே வந்து பேனாவை எடுத்துவிட்டேன். ஆமாம், பேனாதான்! நீ போன பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. போகட்டும். என் முதல் கடிதம் உனக்குத்தான். வேறு யாருக்கு எழுதுவேன்?

எல்லாம் நம் கப்பல் ஆபீசைப் பற்றித்தான். அரியலூர்க் கடைவீதி ரயிலடிக்குத் திரும்பும் முனையில் அது இன்னும் நிற்கிறது. உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், ஒரு மாடி வைத்த வீட்டையே ஜனங்கள் நின்று பார்த்துப் போன காலத்தில், கடலைக்காய் வியாபாரம் செய்த முதலாளி நாலு அடுக்கில் ஆபீஸ் கட்டப் புறப்பட்டார். யாரும் குடியிருப்பதற்கு இல்லை, ஆபீசுக்கு மட்டும். "வெறும் காயிதம் வச்சிக்கிறதுக்கா நாலு அடுக்கு?" என்று நீ கேட்டாய். நீ அங்கே சித்தாள். நான் சென்டரிங் வேலை. பலகை அடித்து, அடியில் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து, மேலே கான்கிரீட் இறுகியதும் அந்த முட்டுகளைத் தட்டி எடுப்பவன்.

எப்படிப்பட்ட கட்டடம் அது! முனையில் சுவர் மூலையாக மடங்காமல் வளைந்து போகும். ஒவ்வொரு அடுக்கிலும் தொப்பி விளிம்பு போல வெயில் மறைப்பு நீட்டிக்கொண்டு, அதுவும் அந்த வளைவோடு கூடவே போகும். மாடிப்படி ஏறும் பக்கம் வட்ட வட்டமாக ஜன்னல். நடுவில் கத்தியை நிறுத்தி வைத்தது மாதிரி ஒரு சுவர் கூரையையும் தாண்டிப் போய்க் கொடிக்கம்பத்தில் முடியும். நம் மேஸ்திரி பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர், ரங்கூன் போய் வந்தவர். முதல் வட்ட ஜன்னலுக்குப் பலகை வளைத்த அன்று அவர் துள்ளிக் குதித்தாரே! "அடேய், இது கப்பலுடா! நான் ரங்கூன் போன கப்பல்ல இப்படித்தான் ஜன்னல் இருந்துச்சு!" அன்றைக்கே ஊர் முழுக்கக் கப்பல் ஆபீஸ் என்று பெயர் பரவிவிட்டது. கடலையே பார்க்காத நமக்கு ஒரு கப்பல்.

ஆனால் ஊர் அதை நம்பவில்லை. பாரத்தையெல்லாம் ஒல்லியான தூண்களே தாங்கின, சுவர் வெறும் மறைப்புத்தான். உத்தரம் இல்லை, தேக்குக் கட்டை இல்லை. கம்பியைப் பரப்பி அதன்மேல் கூழாகக் கலவையை ஊற்றினோம். எல்லாரையும்விட அதிகமாக நம்பாதவர் உன் அப்பா, என் தாய்மாமன். கட்டடத்துக்கு மருதையாற்று மணல் அடித்ததே அவர் வண்டிதான். ஆனாலும் மணலைக் கொட்டியதும் மாட்டைத் திருப்பிக்கொண்டு எதிரே புளியமரத்தடிக்குப் போய்விடுவார். கட்டடத்தின் நிழல்கூட அவர் மேல் படக் கூடாது.

"கங்கைகொண்ட சோழபுரத்துல கல்லு மேல கல்லா வச்சான், நிக்கிது. இவனுவ கஞ்சி ஊத்திக் கூரை போடறானுவளாம் கஞ்சி!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"ஏன் மாமா, அப்ப மணலு மட்டும் எதுக்கு அடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உழுந்தா அள்ளிக்கிட்டுப் போவவும் வண்டி வேணுமில்லடா?"

நீ சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதிலிருந்து நீ எனக்கு என்றுதான் பேச்சு. அந்த ஆடியில் தா.பழூரில் இரண்டு ஏர் வைத்திருந்த வீட்டிலிருந்து உன்னைப் பெண் கேட்டு ஆள் வந்தது. ஆவணியில் பதில் சொல்வதாக மாமா சொல்லி அனுப்பியிருந்தார். என் அம்மா அவர் வாசலில் போய் நின்றாள். மாமா பிடிகொடுக்கவில்லை.

"கஞ்சிக் கூரைக்கு அடியில பூந்து முட்டுத் தட்டறவனுக்கு எம் பொண்ண எப்படிக் குடுப்பேன் அக்கா? இன்னிக்கித் தாலி ஏறும், நாளைக்கி எறங்கும். நாலாவது கூரையிலயும் முட்டுக் கம்ப எடுக்கட்டும். அதுக்கப்புறமும் நின்னிச்சின்னா, நானே மேல ஏறி நின்னு பாத்துட்டுப் பேசறேன்."

ஏறமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். ஏணியில் நாலு படி ஏறினாலே மாமாவுக்குத் தலை சுற்றும்.

நாலாவது கூரை ஊற்றியதும், அது வெடிக்காமல் இறுகுவதற்காக மேலே வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொன்னார்கள். வரப்புப் போடச் சித்தாள்கள் உங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? ஏரிக் களிமண்ணைச் சுமந்து போய், வயலில் போடுவது போலவே அழகாகப் போட்டுவிட்டீர்கள். மேஸ்திரி பாய் பார்த்துவிட்டு, "ஏம்மா, தண்ணி நிறுத்தச் சொன்னா நடவுக்கே தயார் பண்ணிட்டீங்களே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல் அந்த வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். எதையோ யோசிக்கிறாய் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மூன்று வாரம் போல ஆயிற்று. முட்டு எடுக்கும் நாளுக்கு முதல்நாள் படிக்கட்டில் என்னை மறித்தாய்.

"மச்சான், நாளைக்கி நீ கீழ தட்டு. நான் மேல நிக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? உழுந்தா?"

"உழுந்தா ரெண்டு பேரும் சேந்துதான் உழுவோம். மூணு தட்டு தட்டிட்டு எடு. நான் மிதிச்சுக் காட்டறேன்."

கூட்டம் சேரக் கூடாது என்று பாய் விடிந்ததும் விடியாததுமாக வேலையை ஆரம்பித்துவிட்டார். முன்பக்கம் முழுக்கச் சாரமும் கீற்றும் மறைத்திருந்ததால் தெருவில் யாருக்கும் எதுவும் தெரியாது. "பிஸ்மி சொல்லிட்டேன், நீ உங்க சாமியக் கும்பிட்டுக்கோ" என்றார் பாய். கம்பால் கூரையில் மூன்று தட்டுத் தட்டினேன். மேலேயிருந்து தொப், தொப், தொப் என்று உன் கால். முதல் முட்டுக் கம்பை எடுத்தேன். கூரை அசையவில்லை. அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு முட்டுக்கும் நான் தட்டினேன், நீ மிதித்தாய். கடைசி முட்டு விழுந்தபோது, அந்தப் பெரிய கூடத்தில் தூண்களைத் தவிர ஒன்றுமே இல்லை. கஞ்சிக் கூரை நின்றது! பாய் என்னைத் தூக்கியே விட்டார்.

அப்புறம் உன் அப்பாவின் வண்டி வந்தது. நீ சாரத்தின் பலகைப் பாதையில் தடதடவென்று இறங்கி ஓடினாய். முட்டு எடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ.

"அப்பா! கூரை மேல நாத்து மொளச்சிருக்கு, வந்து பாருங்க!"

"கூரையில நாத்தா? போ புள்ள, வேல இல்ல ஒனக்கு?"

"சாண் ஒசரம் நிக்கிதுப்பா. களிமண்ணோட வந்திருக்கும்போல. நம்பலன்னா விடுங்க."

வேறு எதற்குக் கூப்பிட்டிருந்தாலும் அவர் வந்திருக்க மாட்டார். கான்கிரீட்டில் நெல் முளைத்தது என்றால் ஏர் பிடிக்கிற ஒரு சம்சாரியால் எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்? முட்டு இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது என்ற தைரியம் வேறு. கூரைக்கு அடியில் போகாமல், வெளிப்பக்கச் சாரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்து, நாலு அடுக்கும் ஏறிவிட்டார் உன் அப்பா!

கீழே பேசியதையும் மேலே நடந்ததையும் நீதான் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். அவர் கணுக்கால் தண்ணீரில் இறங்கினார். வரப்போரமாகப் பச்சைப்பசேல் என்று நின்ற நாற்றில் ஒன்றைப் பிடுங்கி, வேரை அலசி, அடித்தண்டைப் பார்த்தார்.

"ஏ புள்ள, இப்படிச் செவந்த தண்டு நம்ம வூட்டு வெதநெல்லுக்குத்தான் வரும். இந்த ஊரு ஏரி மண்ணுல எப்படி வந்துச்சு?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

"மடியில கட்டிக்கிட்டு வந்து தெளிச்சியா?"

"ஆமாப்பா."

"எதுக்கு?"

"வேற எப்படி உங்கள மேல ஏத்தறதாம்? அப்பா, முட்டெல்லாம் காலையிலயே எடுத்தாச்சு. இப்ப நீங்க வெறுங் கஞ்சி மேலதான் நிக்கிறீங்க."

மாமா தண்ணீரில் இரண்டு எட்டுப் பின்னால் போனாராம். கீழே எனக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீரில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது, நீதான் என்று நினைத்து மூன்று தட்டுத் தட்டினேன்.

"யாரு புள்ள அடியில?"

"உங்க மருமவன்தான்" என்றாயாமே! என்ன துணிச்சல் உனக்கு!

 பிறகு மேலே இடி இறங்கியது மாதிரி தொப்பென்று ஒரு மிதி. இவளுக்கு எங்கிருந்து இவ்வளவு கனம் வந்தது என்று நான் விழித்தேன். இன்னொரு மிதி. இன்னொன்று. பிறகு உள்படி வழியாக, கூரைக்கு அடியிலேயே மாமா இறங்கி வந்தார். கையில் அந்த ஒற்றை நாற்று. தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார், தூணைத் தொட்டுப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அதுவரை என்னை 'டேய்' என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"மாப்ள, நாத்து முத்திப்போறதுக்குள்ள புடுங்கி வண்டியில ஏத்து. நட்டுடுவோம்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதாதா? அந்த நாற்று உன் வீட்டு வயலில் ஒரு மூலையில் விளைந்தது. அந்த அரிசியை மஞ்சளில் பிசறித்தான் மாசியில் நம் தலையில் போட்டார்கள். அடுத்த ஆடியில் சுதந்திரம் வந்து அந்தக் கம்பத்தில் கொடி ஏறியபோது, உன் அப்பா கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும், "அந்தக் கூரையில நான் நின்னிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மாதம் கப்பல் ஆபீசுக்குப் போய் வந்தேன். படிக்கக் கற்றுக்கொண்டபின் போவது அதுதான் முதல் தடவை. கத்திச் சுவரின் உச்சியில் சிமெண்டில் எழுத்து இருக்கிறதே, மழைக்கு ஒதுங்கும்போதெல்லாம் "என்ன எழுதியிருக்கும் மச்சான்?" என்பாயே, அதைப் படித்துவிட்டேன். விய வருஷம் என்று எழுதியிருக்கிறது. நம் கல்யாண வருஷம்தான்! கீழே பேங்க். அதற்கு மேலே இன்சூரன்ஸ். அதற்கும் மேலே வக்கீல்கள், தட்டச்சுப் பள்ளி. ஒவ்வொரு போர்டையும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே ஏறினேன். பின்னால் வந்தவர்கள் படியில் காத்துக் கிடந்தார்கள். கிடக்கட்டும். லிஃப்ட் வரும் என்று அன்றைக்குக் கிணறு மாதிரி ஒரு பொந்து விட்டோமே, அது வரவேயில்லை. புறாக்கள்தான் அதில் ஏறி இறங்குகின்றன.

நாலாவது அடுக்கில் நம் கூரை. வெள்ளையடித்து, காற்றாடி மாட்டியிருக்கிறார்கள். ஒரு விரிசல்கூட இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த பையனிடம் ஒட்டடைக் கம்பை வாங்கி மூன்று தட்டுத் தட்டினேன்.

"என்ன தாத்தா, மேல மொட்டமாடிதானே? யாரும் இல்லியே."

"இருப்பாங்க தம்பி, செத்த இரு" என்றேன்.

இப்போதெல்லாம் எந்த மாடி வீட்டுக்குள் போனாலும் என் கை தானாக மேலே போகிறது. எட்டாவிட்டால் பக்கத்துத் தூணிலாவது தட்டுகிறேன். தட்டிவிட்டு, உன் கால் சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அதற்கப்புறம்தான் உட்காருகிறேன்.